பட்டாவில் எழுதிய ‘ஏர்’: நில அளவுகளை மாற்றிக் காணும் கணக்கு

காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரே நிலத்தின் விஸ்தீரணத்தை நான்கு பேர் நான்கு விதமாகக் கூறக் கேட்கலாம். வயது முதிர்ந்தவர் அதைக் காணிக் கணக்கில் சொல்வார். அவருடைய மகன் ஏக்கர் என்றும் சென்ட் என்றும் சொல்வார். நகரத்திலிருந்து மனை வாங்க வருபவர் கிரவுண்டு என்றும் சதுர அடி என்றும் கேட்பார். பட்டாவோ ஹெக்டேர் என்றும் ஏர் என்றும் கூறும். நால்வர் கூற்றும் உண்மையே. ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரிந்தவருக்கு இதனால் யாதொரு இடையூறும் இல்லை. எண்ணை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பக்கத்திலுள்ள அளவின் பெயரை விட்டுவிடுகிறவருக்குத்தான் நஷ்டம் நேரிடுகிறது. அந்த நஷ்டம் சில சமயங்களில் பாதி நிலத்துக்கும் மேற்பட்டதாக இருக்கக்கூடும். ஆகவே ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் ரயத்துகளும் இக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

முதலில் பட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதில் புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றை அடுத்து, நன்செய், புன்செய் என்ற தலைப்புகளின் கீழ்ப் பரப்பு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டாவில் ‘0 - 81.00’ என்று இருப்பதாகக் கொள்வோம். கோட்டுக்கு இடப்புறம் உள்ளது ஹெக்டேர். வலப்புறம் உள்ளது ஏர். புள்ளிக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் சதுர மீட்டர். இந்த ஏர் நம் உழவர் கையிலுள்ள ஏர் அன்று. பிரான்சு தேசத்தில் 1795-ஆம் ஆண்டு மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றப்பட்டபோது, நிலத்தை அளப்பதற்காக வகுக்கப்பட்ட அளவின் பெயர் இது. பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள ஒரு சதுரம், அதாவது 100 சதுர மீட்டர், ஓர் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒலி ஒற்றுமையால் இது நம் ஊர்ச் சொல் போலத் தோன்றுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணமாகலாம்.

மற்றொரு காரணம் இன்னும் வலுவானது. நூறு சென்ட் ஓர் ஏக்கர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். இரண்டிலும் நூறு என்ற எண்ணே நிற்பதால், பட்டாவில் 81 என்று கண்டவுடன் அதை 81 சென்ட் என்று படிக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. உண்மையில் ஓர் ஏர் என்பது 2.471 சென்ட். ஆகவே 81 ஏர் என்பது 200 சென்ட்டுக்குச் சற்று மேல். அதாவது இரண்டு ஏக்கர். பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தில் இரண்டு ஏக்கர் என்று எழுதியிருக்க, பட்டாவில் 81 என்று கண்டவர், தம் நிலத்தில் ஓர் ஏக்கர் 19 சென்ட் பறிபோய்விட்டதென்று அஞ்சி மனு எழுதக்கூடும். அது வீண் அலைச்சலோடு போகும். இதனினும் கேடானது ஒன்றுண்டு. இந்த 81 ஏரை மூன்று சகோதரர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு 27 என்று வருகிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அது ‘27 சென்ட்’ என்று எழுதப்பட்டுவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் சேரவேண்டியது ஏறக்குறைய 66 முக்கால் சென்ட். பத்திரத்தில் ஏறியதோ மூவருக்கும் சேர்த்து 81 சென்ட் மட்டுமே. மிச்சம் 119 சென்ட் நிலம் எந்தப் பங்கிலும் எழுதப்படாமல் நிற்கும். சகோதரர்கள் ஒற்றுமையாக உள்ளவரை இது வெளிப்படாது. அவர்கள் மக்கள் காலத்தில் பட்டா மாற்றம் கேட்கும்போதோ, ஒருவர் தம் பங்கை விற்க முற்படும்போதோதான் வெளிப்படும்.

ஏரைச் சென்ட்டாக மாற்ற மனக்கணக்கிலேயே ஒரு வழி உண்டு. ஏரை இரண்டரையால் பெருக்குக. வந்த தொகையில் நூற்றுக்கு ஒன்று கழிக்க. 81-ஐ இரண்டரையால் பெருக்கினால் 202.5, அதில் நூற்றில் ஒரு பங்காகிய 2-ஐக் கழித்தால் 200.5. நுட்பமான விடை 200.15. வாய்க்கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதும், பத்திரத்துக்குப் போதாது. பத்திரம் எழுதும்போது 2.471 என்ற எண்ணையே கையாள வேண்டும். சென்ட்டை ஏராக மாற்ற 0.4047-ஆல் பெருக்கினால் ஆயிற்று. ‘ஓர் ஏக்கர் என்பது நாற்பது ஏர்’ என்று முழுமையாக்கிச் சொல்லும் வழக்கம் சிலரிடம் உள்ளது. நாற்பது ஏர் என்பது 98.84 சென்ட்டே ஆகும். விடுபட்டது ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சதுர அடியில் ஏறக்குறைய 505. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளி தறி போட்டுக்கொண்டு குடியிருக்க, இதைவிடப் பெரிய இடம் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

புள்ளியையும் சுழியையும் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘0 - 05.00’ என்பது ஐந்து ஏர். ‘0 - 50.00’ என்பது ஐம்பது ஏர். கையால் நகல் எடுக்கும்போது ஒரு சுழி இடம் மாறினால் பன்னிரண்டேகால் சென்ட் நிலம் ஓர் ஏக்கர் 23 சென்ட்டாகிவிடும். ஏக்கர்க் கணக்கிலும் இவ்விபத்து உண்டு. ‘1 ஏக்கர் 5 சென்ட்’ என்பதைச் சுருக்கி ‘1.5 ஏக்கர்’ என்று எழுதுவது பெரும் பிழை. அது ஒன்றரை ஏக்கராகும். ‘1.05’ என்று எழுதுவதே சரி. எழுத்திலும் எண்ணிலும் இரண்டு முறை எழுதிவைப்பது பழைய கணக்குப்பிள்ளைகள் கையாண்ட நல்ல வழக்கம்; அதைக் கைவிட வேண்டியதில்லை.

ஏக்கரும் சென்ட்டும் ஒரு காலத்தில் நமக்குப் புதியனவாகவே வந்தன. சென்னை ராஜதானியில் 1858-ஆம் ஆண்டு நில அளவைத் துறை தொடங்கி ஒவ்வொரு கிராமமாக அளந்தபோது, இங்கிலாந்தில் எட்மண்ட் குண்டர் என்பவர் 1620-ஆம் ஆண்டளவில் வகுத்த சங்கிலி இங்கும் கையாளப்பட்டது. அச்சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் நூறு கண்ணிகள் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கர் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. ஒரு சென்ட் ஆயிரம் சதுரக் கண்ணி. 435.6 சதுர அடி என்ற ஒழுங்கற்ற எண் சென்ட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள், அது கண்ணிக் கணக்கில் முழு ஆயிரமாக இருப்பதைக் கண்டு தெளியலாம். பழைய புலப்படங்களில் காணும் எண்கள் இக்கண்ணிகளையே குறிக்கும். அவற்றை அடி என்று எண்ணி அளக்க முற்படுவது தவறு. ஒரு கண்ணி 7.92 அங்குலம்தான். இந்தியாவில் மெட்ரிக் முறையை ஏற்கும் நிறை, அளவைத் தரச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. நம் மாநிலத்தில் 1979-இல் தொடங்கி 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, கிராமக் கணக்குகள் திருத்தப்பட்டு ஹெக்டேர், ஏர் கணக்கில் பட்டாக்கள் வழங்கப்பட்டன. யு.டி.ஆர். என்று கிராமங்களில் சொல்லப்படுவது இத்திட்டமே. ஆகவே அதற்கு முந்திய பத்திரமும் பிந்திய பட்டாவும் இரண்டு மொழிகளில் பேசுகின்றன என்று கொள்ளவேண்டும்.

ஏக்கருக்கும் முந்தியது காணி. செங்கல்பட்டுச் சீமை என்று வழங்கிய இப்பகுதியில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கில எஞ்சினியர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். அக்காலத்தில் இங்கு நிலம் காணிக் கணக்கிலேயே பேசப்பட்டது. நிலத்தின்மீது குடிகளுக்குள்ள பரம்பரை உரிமைக்கே ‘காணியாட்சி’ என்று பெயர். இருபத்து நான்கு அடிக் கோலால் நான்கு புறமும் அளந்த சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி. அதையே மனைக் கணக்கில் 24 மனை ஒரு காணி என்பார்கள். 57,600-ஐ 24-ஆல் வகுத்தால் 2,400 வரும். இன்று சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் கிரவுண்டு என்று வழங்கும் அளவு இந்தப் பழைய மனையே ஆகும். ஆங்கிலப் பெயர் பூண்டிருப்பினும் அது காணியின் இருபத்து நான்கில் ஒரு கூறு. ஒரு காணி 1.3223 ஏக்கர், அதாவது ஓர் ஏக்கர் 32 சென்ட்டுக்குச் சற்று மேல். பழைய பத்திரத்தில் ‘இரண்டேகால் காணி’ என்றிருந்தால் அது 1,29,600 சதுர அடி. இரண்டு ஏக்கர் தொண்ணூற்றேழரை சென்ட்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். காணி, குழி என்ற பெயர்கள் தமிழ்நாடு எங்கும் ஒரே அளவைக் குறிப்பன அல்ல. தஞ்சைப் பகுதியில் கோல் பன்னிரண்டு அடி. ஆகவே அங்கே குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலி 2,88,000 சதுர அடி. அதாவது ஆறு ஏக்கர் 61 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர் என்று அங்குள்ளோர் கணக்கிடுவது இதனாலேயே. ஒரு மா 33 சென்ட். கோல் இருமடங்கானால் நிலமும் இருமடங்குதானே ஆகும் என்று ஒருவர் எண்ணக்கூடும். அவ்வாறு ஆவதில்லை. நீளமும் இருமடங்கு, அகலமும் இருமடங்கு ஆவதால் பரப்பு நான்கு மடங்காகிறது. நம் வட்டாரத்துக் குழி ஒன்றில் தஞ்சைக் குழி நான்கு அடங்கும். காணியின் கதை இன்னும் விந்தையானது. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் காணி என்பது எண்பதில் ஒன்று; மா என்பது இருபதில் ஒன்று. இவ்வாய்பாட்டின்படி ஒரு வேலியில் காணி என்பது 3,600 சதுர அடியே. நம் பகுதிக் காணி அதைப்போலப் பதினாறு மடங்கு. தஞ்சைப் பகுதியிலிருந்து பெண் கொடுத்து வாங்கிய குடும்பங்களில், சீதனமாக எழுதிய நிலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது இதை நினைவிற் கொள்வது நல்லது.

அப்பின்ன வாய்பாட்டின் அழகை இங்கே சிறிது குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. தஞ்சை வேலியின் இருபதில் ஒரு பங்காகிய மா, பக்கத்துக்கு 120 அடி உள்ள சதுரம். எண்பதில் ஒரு பங்காகிய காணி, பக்கத்துக்கு 60 அடி. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி, பக்கத்துக்கு 30 அடி. முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு கீழ்முந்திரி. அது மூன்று சதுர அடிக்கும் குறைவு. ஒரு மனிதர் நிற்கும் அளவு நிலத்துக்கும் நம் முன்னோர் பெயர் வைத்துக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. இதை ஊராட்சி மேடைகளில் பலரும் எடுத்துக் கூறுவர். ஆனால் அவ்விதிகளில் நில அளவும் ஒன்று என்பதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவரே வேட்பாளராகலாம். வேதமும் பாஷியமும் கற்றுப் பிறருக்கு விளக்க வல்லவராயின் அரைக்கால் வேலி போதும். இன்றைய தஞ்சை வேலியைக் கொண்டு பார்த்தால் கால் வேலி ஓர் ஏக்கர் 65 சென்ட். எனினும் அக்காலக் கோல் இன்றைய பன்னிரண்டு அடிக் கோல் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோலின் பெயரும் சேர்த்தே கூறப்படுவதைக் காண்கிறோம். பதினாறு சாண் கோலால் அளந்த குழியில் 256 சதுரச் சாண். பன்னிரண்டு சாண் கோலால் அளந்ததில் 144 மட்டுமே. இத்தனை குழி என்று மட்டும் கூறிக் கோலைக் கூறாது விட்டால் வழக்கு வரும் என்பது அன்றே அறியப்பட்டிருந்தது. கோயிலுக்கு நிலம் விட்டவர்கள் கோலின் நீளத்தையும் கல்லில் வெட்டி வைத்ததற்குக் காரணம் இதுவே. இந்நாளில் ஊராட்சித் தீர்மானத்தில் ‘5’ என்று மட்டும் எழுதி, ஏரா சென்ட்டா என்பதை எழுதாமல் விடுவது அந்நாளைய சபையார் செய்யத் துணியாத காரியம்.

இனி மனைகளைப் பற்றி. காஞ்சிபுரம் நகரை அடுத்த ஊராட்சிகளில் விளைநிலங்களுக்கு இடையே மனைகள் பெருகி வருகின்றன. பட்டுத்தறி வைத்திருப்போரும் அவற்றை வாங்குகிறார்கள். விலை பேசும்போது ஓரிடத்தில் சென்ட்டுக்கு இவ்வளவு என்றும், ஓரிடத்தில் கிரவுண்டுக்கு இவ்வளவு என்றும், வேறோரிடத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்றும் கூறுவர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஐந்தரை சென்ட்டுக்கு இம்மியளவு மேல். ஆகவே அரை கிரவுண்டு 1,200 சதுர அடி. இரண்டே முக்கால் சென்ட். அதை ‘ஏறக்குறைய மூன்று சென்ட்’ என்று சொல்லி மூன்று சென்ட் விலை வாங்கிவிட்டால், இல்லாத 107 சதுர அடிக்கு விலை கொடுத்ததாகிறது. சதுர அடி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 53,000 ரூபாய்க்கு மேல். சேலை ஒன்றுக்குப் பல நாள் உழைத்துக் கூலி பெறும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை சேலையின் உழைப்பு என்பதை அவர்களே அறிவர். எந்த அளவில் விலை பேசினாலும், முடிவில் அதைச் சதுர அடியாக்கி ஒருமுறை பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். நத்தம் பட்டாக்களில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 1,200 சதுர அடி மனை அதில் 111 அரை சதுர மீட்டர் என்று காணப்படும்.

மனையின் பரப்பு ஒன்றாயினும் உருவம் ஒன்றாக இருப்பதில்லை. 60 அடிக்கு 40 அடி மனையும் 2,400 சதுர அடி. 20 அடிக்கு 120 அடி மனையும் 2,400 சதுர அடி. பாவு நீட்டுவதற்கு நீளம் வேண்டும் என்று இரண்டாவதை ஒருவர் விரும்பலாம். வீடு கட்டுவதற்கு முதலாவதை மற்றொருவர் விரும்பலாம். பரப்பைக் கொண்டு விலை பேசலாம். உருவத்தை நேரிற் கண்டே தீர வேண்டும். இதனோடு தொடர்பான ஒரு சொற்குழப்பமும் உண்டு. ‘பத்துச் சதுர அடி’ வேறு. ‘பத்தடிச் சதுரம்’ வேறு. முன்னது பத்து, பின்னது நூறு. களத்துமேட்டுக்கோ ஆழ்குழாய்க் கிணற்றுக்கோ இடம் விட்டுப் பத்திரம் எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் பத்தில் ஒன்பது பங்கு காணாமற்போகும்.

பின்வரும் சிறு வாய்பாட்டை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம்.

1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 1,076.4 சதுர அடி = 2.471 சென்ட்
1 கிரவுண்டு = 2,400 சதுர அடி = 5.51 சென்ட் = 2.23 ஏர்
1 ஏக்கர் = 100 சென்ட் = 40.47 ஏர் = 18.15 கிரவுண்டு
1 காணி (காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி) = 24 கிரவுண்டு = 132.2 சென்ட்
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2 ஏக்கர் 47 சென்ட்

வாய்பாடு சரியாக இருந்தும் விடை தவறுவதற்கு ஒரு வழி உண்டு. அது அளக்கும் முறையில் உள்ளது. நான்கு பக்கமும் சமமற்ற வயலை அளக்கும்போது, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். மூலைகள் நான்கும் நேர்மூலைகளாக இருந்தால்தான் இம்முறை சரியான விடை தரும். வயல் சாய்ந்திருந்தால் எப்போதும் கூடுதலாகவே காட்டும்; குறைத்துக் காட்டுவதே இல்லை. விற்பவர்கள் இம்முறையை விரும்புவதில் வியப்பில்லை! நீளப் பக்கங்கள் 200 அடி, குறுக்குப் பக்கங்கள் 150 அடி உள்ள ஒரு வயலை இம்முறையில் பெருக்கினால் 30,000 சதுர அடி. ஏறக்குறைய 69 சென்ட். அவ்வயல் சாய்வாக அமைந்து, இரண்டு நீளப் பக்கங்களுக்கும் இடையே நேர்குத்தான அகலம் 130 அடிதான் என்றால், உண்மைப் பரப்பு 26,000 சதுர அடி. 60 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒன்பது சென்ட் காற்றில் அளக்கப்பட்டது.

நில அளவர்கள் கையாளும் முறை இதற்கு மாற்று. வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு பிடித்து அதை அளக்கவும். மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் அக்கயிற்றுக்கு நேர்குத்தாக உள்ள தூரங்களை அளந்து கூட்டவும். அத்தொகையைக் கயிற்றின் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் பரப்பு கிடைக்கும். எதிர்மூலைக் கோடு 60 மீட்டர், குத்துக்கோடுகள் 36, 24 மீட்டர் என்றால், 60-ஐ 60-ஆல் பெருக்கிப் பாதியாக்க 1,800 சதுர மீட்டர், 18 ஏர், நாற்பத்து நான்கரை சென்ட். இதையே பழைய புலப்படத்தில் கண்ணிக் கணக்கில் 300, 180, 120 என்று கண்டால் 45,000 சதுரக் கண்ணி, 45 சென்ட். கண்ணிக் கணக்கானால் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டால் சென்ட் வந்துவிடும். மீட்டர்க் கணக்கானால் கடைசி இரண்டை விட்டுவிட்டால் ஏர் வந்துவிடும்.

நிலம் வாங்கும்போதும் விற்கும்போதும் மட்டுமே இக்கணக்கு பயன்படுவதாக எண்ண வேண்டாம். நெற்பயிருக்கு, மத்திய கால, நீண்ட கால ரகங்களுக்குத் தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ என்று பொதுப் பரிந்துரை உள்ளது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே தழைச்சத்து. ஆகவே அது ஹெக்டேருக்கு 326 கிலோ யூரியா; 45 கிலோ மூட்டையில் ஏழேகால் மூட்டை. ஏக்கருக்கு என்றால் 132 கிலோ. மூன்று மூட்டைக்கும் சற்றுக் குறைவு. துண்டுப்பிரசுரத்திலுள்ள ஹெக்டேரை ஏக்கராக எண்ணி ஏழு மூட்டை இட்டவரின் பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, சாய்ந்து, புகையானுக்கு விருந்தாகும். மூட்டைக்குக் கொடுத்த பணமும் போயிற்று. மண் பரிசோதனை செய்து கொள்பவருக்கு வேறு அளவு கூறப்படும்; அதுவும் ஹெக்டேருக்கா ஏக்கருக்கா என்பதைப் பார்த்தே இடவேண்டும். சிறு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரை, குறு விவசாயிக்கு ஒரு ஹெக்டேர் வரை என்ற வரம்புகளும் இவ்வாறே. இரண்டு ஹெக்டேர் என்பது நான்கு ஏக்கர் 94 சென்ட். இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளதால் தமக்குச் சான்று கிடைக்காது என்று எண்ணி ஒருவர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது.

மெட்ரிக் முறையில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று பெயர் பெற்ற இப்பகுதியில் அதை ஊராட்சி உறுப்பினர்கள் நன்கு பயன்படுத்தலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லட்சம் லிட்டர் நீர். ஐம்பது ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் சராசரி ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் ஐந்து லட்சம் கன மீட்டர். இதில் பெருக்கல் வாய்பாடே தேவையில்லை. சுழிகளை எண்ணினால் போதும். கிராமத்து ‘அ’ பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கின் பரப்பு ஹெக்டேரில் உள்ளது. கரை ஓரத்தில் ஆக்கிரமிப்பால் இரண்டு ஹெக்டேர் குறைந்திருந்தால், நீர் ஒரு மீட்டர் நிற்கும் இடத்தில் எத்தனை நீரை ஊர் இழந்தது என்பதைக் கிராம சபையிலேயே சொல்லிவிடலாம்: இருபதாயிரம் கன மீட்டர், அதாவது இரண்டு கோடி லிட்டர். ஐந்து ஏக்கர் போயிற்று என்று சொல்வதைக் காட்டிலும் இது கேட்போர் மனத்தில் தைக்கும்.

முறையாக மாற்றிப் பார்த்தும் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் வித்தியாசம் காணப்பட்டால் என்ன செய்வது? ஓரிரு சென்ட் வேறுபாடு, சங்கிலி அளவிலிருந்து மீட்டர் அளவுக்கு மாறியபோது முழுமையாக்கியதால் வந்திருக்கலாம். அதற்காக அண்டை நிலத்தாரோடு மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. வேறுபாடு அதற்கு மேற்பட்டதானால், முதலில் பத்திரத்தின் நான்கெல்லையையும் புல எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். எல்லைக்கும் பரப்பின் எண்ணுக்கும் முரண்பாடு நேரின், பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்களில் நெடுநாளாக நிலவி வரும் கொள்கை. எனினும் அந்தந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தே முடிவு அமையும். அடுத்து, அப்புலத்தின் புலப்பட நகலைப் பெற்று, அதிலுள்ள எண்கள் கண்ணியா மீட்டரா என்பதை உறுதி செய்துகொண்டு, மேற்கூறிய எதிர்மூலைக் கணக்கால் தாமே ஒருமுறை பரப்பைக் கண்டுபிடிக்கலாம். அதன் பிறகும் ஐயம் தீராவிடில், வட்ட அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்தி நில அளவரைக் கொண்டு அளந்து தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்தாரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் புல எண்ணோடு உட்பிரிவு எண்ணையும் தவறாமல் குறிக்கவும். உட்பிரிவு எண் விடுபட்டால், எந்தத் துண்டை அளக்க வேண்டும் என்பது தெளிவுபடாமல் நில அளவர் மீண்டும் ஒருமுறை வரவேண்டி நேரும்.